23 விரிவுரைகளில் உக்ரைன்: யேல் பல்கலைக்கழகத்தின் இணைய வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2022ஆம் ஆண்டு இலையுதிர்காலப் பருவத்தில் வரலாற்றுப் பேராசிரியர் டிமோதி ஸ்னைடர் நவீன உக்ரைனின் உருவாக்கம் குறித்து ஒரு பாடம் நடத்தினார். அதன் 23 விரிவுரைகளையும் பல்கலைக்கழகம் தன் யூடியூப் பக்கத்தில் கட்டணமின்றி வெளியிட்டிருக்கிறது. பெயரைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. தேர்வும் சான்றிதழும் இல்லை. ஒவ்வொரு விரிவுரையும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஓடுகிறது. நான் இதை இரண்டு முறை முழுமையாகக் கேட்டேன். முதல் முறை, உக்ரைனியர் தனித் தேசிய இனமா என்ற கேள்விக்கு முழு விடையும் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. இரண்டாம் முறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான், மாஸ்கோ எழுப்பிய கேள்விக்கு இந்தப் பாடம் விரிவாக விடை சொல்வதும், உக்ரைனிய வரலாற்றாசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாகத் தமக்குள் நடத்திவரும் வழக்கைச் சற்று ஓரமாக விட்டுவிடுவதும் தெரிந்தது. கேட்க வேண்டிய பாடம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இரண்டாவது வழக்கை ஓரளவு அறிந்துகொண்டு கேட்பவருக்கு இது இரு மடங்கு பயன் தரும் என்பதால், அதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

வகுப்பு தொடங்கிய காலத்தை மறந்துவிட்டு இதை மதிப்பிட முடியாது. 2021 ஜூலையில் ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின், ரஷ்யரும் உக்ரைனியரும் வரலாற்றால் ஒரே மக்கள் என்று வாதிடும் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பிறர் தூண்டுதலால் விளைந்தது என்று சொல்லும் அந்தக் கட்டுரையை, அவருடைய அலுவலகம் ரஷ்யம், உக்ரைனியம் ஆகிய இரண்டு மொழிகளிலும் தனித்தனியே வெளியிட்டது என்பது அப்போதே பலர் சுட்டிக்காட்டிச் சிரித்த முரண். 2022 பிப்ரவரி 21ஆம் தேதி உரையில், இன்றைய உக்ரைன் முற்றிலும் போல்ஷெவிக்குகளின் படைப்பு என்றும் அதைக் கட்டிய சிற்பி லெனின் என்றும் அவர் சொன்னார். மூன்று நாள் கழித்துப் படை புகுந்தது. அந்த ஆண்டின் செப்டம்பரில் தொடங்கிய வகுப்பு இது. முதல் விரிவுரையே படையெடுப்பு எழுப்பும் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆசிரியர் எவ்வளவு தொலைவு பின்னோக்கிச் சென்றாலும், புதினின் கட்டுரை அறையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைக் கேட்பவர் உணர்ந்துகொண்டே இருப்பார். இதுவே பாடத்தின் வேகத்துக்கும் காரணம், அதன் எல்லைக்கும் காரணம்.

இரண்டாவது விரிவுரை தேசிய இனங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதைப் பற்றியது. உக்ரைனில் அக்கறை இல்லாதவர்கூட இந்த ஒன்றை மட்டும் தனியாகக் கேட்கலாம். தமிழில் இந்த விவாதத்தைப் பின்தொடர்வதில் ஒரு சொற்சிக்கல் உண்டு. தேசம் என்பது நமக்கு முதலில் நிலம். இனம் என்பது பிறப்பு. இரண்டையும் சேர்த்த தேசிய இனம் என்ற சொல் பெரும்பாலும் மார்க்சிய நூல்களின் மொழிபெயர்ப்புகள் வழியாக நம் அரசியல் எழுத்தில் வேரூன்றியது. அத்துடன் சேர்ந்து, பொதுமொழி, பொதுநிலம், பொதுப் பொருளாதார வாழ்வு, பொதுவான மனப்பாங்கு என்று 1913இல் ஸ்டாலின் வகுத்த வரையறையும் வந்தது. அந்த அளவுகோலை வைத்து உக்ரைனை அளந்தால், மொழி இரண்டாகப் பேசப்படுகிறதே, நிலம் பல பேரரசுகளிடம் சிதறிக் கிடந்ததே என்று ஒவ்வொரு கட்டத்திலும் இடறும். இந்த வகுப்பில் தேசிய இனம் ஒரு பட்டியலை வைத்துச் சரிபார்க்கும் பொருளாக வருவதில்லை. அது நவீன காலத்தின் ஒரு புரிதல். பழைய காலத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதும் அந்தப் புரிதலின் வேலைகளில் ஒன்று. இப்படிப் பார்த்தால், உக்ரைன் பழையதா புதியதா என்ற கேள்வியின் கூர்மையே மழுங்கிவிடுகிறது. புதியது என்று சொன்னால் ரஷ்யத் தேசிய இனமும் அதே அளவுக்குப் புதியதுதான்.

பாடத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு நிலவியலிலும் பண்டைய கருங்கடற்கரையிலும் தொடங்கி, கீவை மையமாகக் கொண்ட ரூஸ் அரசு வரை செல்கிறது. வடக்கிலிருந்து ஆற்றுவழியாக இறங்கிவந்த ஸ்காண்டிநேவிய வணிகப் படையினர் அடிமை வாணிபத்தில் ஈடுபட்டதையும், அவர்கள் உள்ளூர்ச் சிலாவியரோடு கலந்து கிறித்தவத்தை ஏற்று அரசாக நிலைபெற்றதையும் ஆசிரியர் புனிதம் பூசாமல் சொல்கிறார். 988இல் கீவின் அரசர் வொலோதிமிர் ஞானஸ்நானம் பெற்றதை ரஷ்யா தன் பிறப்பாகவும் உக்ரைன் தன் பிறப்பாகவும் கொண்டாடுகின்றன. கீவில் 1853இல் எழுப்பப்பட்ட அவர் சிலை நீப்பர் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. மாஸ்கோவில் கிரெம்ளினுக்கு அருகே 2016இல் அதைவிடப் பெரிய ஒன்றை நிறுவினார்கள். மாஸ்கோ என்ற ஊர்ப் பெயரே ஆண்டுக்குறிப்புகளில் 1147ஆம் ஆண்டில்தான் முதன்முதலில் வருகிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்த இரண்டாவது சிலையின் படத்தைப் பார்ப்பது சுவையானது. வொலோதிமிரே ஒரு வைக்கிங் குலத்தவர், தம்மை உக்ரைனியர் என்றோ ரஷ்யர் என்றோ அழைத்தால் அவருக்குப் புரிந்திருக்காது என்ற கோணத்தில் பாடம் இந்தச் சண்டையைக் கடந்துசெல்கிறது.

கடந்துசெல்வது சரிதான், ஆனால் சண்டை எப்படி நடந்தது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டாமா? கீவ், பின்னர் விளாதிமிர் நகரம், பின்னர் மாஸ்கோ, பின்னர் பீட்டர்ஸ்பர்க் என்று ஒரே அரச மரபு இடம்பெயர்ந்துகொண்டே வந்தது என்பதுதான் கரம்சின் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய வரலாற்றாசிரியர்கள் எழுதிய கதை. அவர்களுள் ஒருவரான பகோதின் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய கீவில் வாழ்ந்தவர்கள் இன்றைய ரஷ்யரின் முன்னோர் என்றும், மங்கோலியப் படையெடுப்புக்குப் பின் அவர்கள் வடக்கே சென்றுவிட, காலியான இடத்தில் உக்ரைனியர் மேற்கிலிருந்து வந்து குடியேறினர் என்றும் வாதிட்டார். இந்த வரிசையை உடைத்தவர் மிஹாய்லோ ஹ்ருஷெவ்ஸ்கி. 1894இல் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த லிவிவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த அவர், 1904இல் வெளியிட்ட சிறிய கட்டுரை ஒன்றில், கீவ் அரசின் வாரிசு விளாதிமிரோ மாஸ்கோவோ இல்லை, மேற்கே இருந்த ஹலிச்–வொலினியா அரசும் அதன் பின் லித்துவேனிய–போலந்து காலமுமே என்று எழுதினார். கீவுக்கும் மாஸ்கோவுக்கும் உள்ள உறவு, ரோமுக்கும் இன்றைய பிரான்ஸ் பகுதியில் இருந்த அதன் காலிய (Gaul) மாகாணங்களுக்கும் இருந்த உறவு போன்றது என்பது அவர் ஒப்புமை. அரசர்களின் வரிசையைப் பின்தொடர்ந்தால் நூல் அறுந்துவிடும் என்று அறிந்து, மக்களின் வரிசையைப் பின்தொடர்ந்தார். அரசு இல்லாத நூற்றாண்டுகளிலும் வரலாறு தொடர்கிறது என்று காட்ட அதுவே வழி. அவருடைய பத்துத் தொகுதி வரலாறு 17ஆம் நூற்றாண்டைத் தாண்டவில்லை. ஆனால் வாதம் முழுதாக நிலைநின்றுவிட்டது.

சோவியத் ஆட்சி இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது கதையைத் தைத்தது. ரூஸ் காலத்தில் ஒரே பழைய ரூஸ் மக்கள் இருந்தனர், அந்தத் தொட்டிலிலிருந்து ரஷ்யர், உக்ரைனியர், பெலருசியர் ஆகிய மூன்று சகோதர மக்கள் வளர்ந்தனர் என்பது அது. மூவருக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதுபோல் தோன்றினாலும், வீட்டில் யார் அண்ணன் என்பதில் எவருக்கும் குழப்பம் வராதபடி எழுதப்பட்ட கதை. சோவியத் பதிப்பகங்களின் தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தச் சகோதரக் கதையே வரலாறாகப் பதிந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் பதிந்திருந்தது. புதினின் கட்டுரை இந்தச் சோவியத் கதையைக்கூட ஏற்காமல், அதற்கும் முந்தைய பேரரசுக் காலத்து ஒற்றை மக்கள் கதைக்குத் திரும்புகிறது என்ற நுட்பமான வேறுபாடு, பாடத்தை மட்டும் கேட்பவருக்கு எளிதில் பிடிபடாது.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், லித்துவேனியப் பெருங்கோமகன் அரசு (Grand Duchy) பற்றிய ஆறாவது விரிவுரையைத் தயங்காமல் சொல்வேன். மங்கோலியர் 1240இல் கீவை அழித்தனர், அதன் பின் ஒரு நீண்ட இருள், பிறகு கொசாக்கியர் என்ற புல்வெளிப் போர்வீரர்கள் தோன்றினர் என்பதே பொதுவாக நாம் அறிந்த கதை. அந்த இருள் உண்மையில் இருளே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் கீவ் நிலப்பகுதியைத் தன்வசப்படுத்திய லித்துவேனியர், ரூஸ் மக்களின் எழுத்துமொழியையே தம் ஆவண மொழியாக ஏற்றுக்கொண்டனர். 1529, 1566, 1588 ஆகிய ஆண்டுகளின் லித்துவேனியச் சட்டத்தொகுப்புகள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன. கீவின் சட்ட மரபும் எழுத்து மரபும் மாஸ்கோவுக்குப் போகாமல் லித்துவேனியத் தலைநகரான வில்னியசுக்குப் போன இந்த வழியை ஸ்னைடர் விளக்கும்போது, ஹ்ருஷெவ்ஸ்கியின் வாதத்துக்குச் சதையும் எலும்பும் சேர்கின்றன. 1569இல் போலந்தையும் லித்துவேனியாவையும் இணைத்த லூப்லின் ஒன்றியத்தால் கீவ் உள்ளிட்ட தெற்கு நிலங்கள் லித்துவேனியாவிடமிருந்து போலந்து மகுடத்தின் கீழ் மாற்றப்பட்டன. அந்தப் பிரிப்புக் கோடுதான் பின்னாளில் உக்ரைனும் பெலருசும் வெவ்வேறு வழியில் செல்லக் காரணங்களில் ஒன்றாயிற்று. போலந்துப் பிரபுக்களின் பெரும் பண்ணைகள், ஆர்த்தடாக்ஸ் ஆயர்கள் போப்பின் தலைமையை ஏற்ற 1596இன் பிரெஸ்த் திருச்சபை ஒன்றியம், அச்சகம், சமய வாதப் போர் என்று மறுமலர்ச்சியும் சீர்திருத்தமும் இந்த மண்ணுக்கு வந்ததெல்லாம் போலந்து வழியாகத்தான். மாஸ்கோ இவற்றின் பெரும்பகுதியைக் கீவ் வழியாகவே பின்னர் பெற்றது.

கொசாக் புரட்சிக்கு வரும்போது பாடம் ஒரு பாராட்டத்தக்க முடிவை எடுக்கிறது. அதற்கு முந்தைய எட்டாவது விரிவுரையில் இந்த நிலத்து யூதர்களின் தொடக்கக் கால வரலாறு தனியாக வருகிறது. 1648இல் கொசாக் தலைவர் போஹ்தான் க்மெல்நித்ஸ்கி போலந்து ஆட்சிக்கு எதிரான எழுச்சியைத் தொடங்கியபோது கொல்லப்பட்டவர்களுள் ஆயிரக்கணக்கான யூதர்கள் இருந்தனர். உக்ரைனியக் கதையில் விடுதலை வீரராகவும், யூத நினைவில் கொலைகாரராகவும், சோவியத் கதையில் ரஷ்யாவோடு மீண்டும் இணைத்தவராகவும் ஒரே மனிதர் நிற்கிறார். கீவின் நடுவே குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவருடைய சிலையை எந்தக் கதையோடு பார்ப்பது என்று அறியாதவர், யூதர் பற்றிய விரிவுரையைத் தாவிவிட்டு நேரே ஒன்பதாவதுக்குப் போகக் கூடாது.

1654இன் பெரெயாஸ்லாவ் ஒப்பந்தத்தில் மட்டும் இன்னும் அரை மணி நேரம் தங்கியிருக்கலாம் என்று தோன்றியது. இந்த வரலாற்று வழக்கின் முதன்மைச் சான்றே அதுதான். கொசாக்கியர் ஜார் மன்னருக்கு உறுதிமொழி கொடுத்தனர். பதிலுக்கு ஜாரின் சார்பில் அவருடைய தூதர் புத்தூர்லினும் உறுதிமொழி தர வேண்டும் என்று கேட்டனர். மன்னர் குடிமக்களுக்கு ஆணையிட்டுத் தருவது வழக்கமில்லை என்று தூதர் மறுத்துவிட்டார். போலந்து மன்னரோடு உடன்படிக்கை செய்து பழகியவர்களுக்கு அது இரு தரப்பு ஒப்பந்தம். மாஸ்கோவினருக்கு அது அடிபணிதல். அந்த ஒரு காட்சிக்குள் இரண்டு அரசியல் பண்பாடுகள் மோதுகின்றன. அதற்குப் பின் எழுதப்பட்ட விதிகளின் மூல ஆவணங்கள் நம் கைக்கு வந்து சேரவில்லை என்பதால், அது பாதுகாப்பு உடன்படிக்கையா, தற்காலிகப் படைக்கூட்டா, முழு இணைப்பா என்று வழக்கு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. 1954இல் சோவியத் கட்சி அதன் 300ஆம் ஆண்டு விழாவுக்கு அதிகாரபூர்வமாக இட்ட பெயர் மறு இணைப்பு. அந்தச் சொல்லுக்கு மாறாக எழுத அதன் பின் எந்தச் சோவியத் வரலாற்றாசிரியருக்கும் இடமில்லை. 1966இல் மிஹாய்லோ பிரைச்சேவ்ஸ்கி, இது இணைப்பா மறு இணைப்பா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதி, அதற்காக வேலையை இழந்தார். ஒரு முன்னொட்டுக்காக வேலை போன வரலாறு பாடத்தில் ஐந்து நிமிடத்துக்குத் தகுதியானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பாடம் தெளிவாக நடத்துகிறது. 1764இல் ஹெட்மன் எனப்பட்ட கொசாக் தலைவர் பதவியும் 1775இல் நீப்பர் ஆற்றுக் கொசாக் கோட்டையும் ஒழிக்கப்பட்டபின், கொசாக் அதிகாரிகளின் வழிவந்தோர் ரஷ்யப் பிரபுக்களாகிவிட்டனர். உக்ரைனியம் உழவரின் மொழியாக எஞ்சியது. பண்ணை அடிமையாக 1814இல் பிறந்த தராஸ் ஷெவ்சென்கோ, 1840இல் வெளிவந்த கவிதைத் தொகுப்பின் மூலம் அந்த மொழியை இலக்கிய மொழியாக்கினார். 1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ் தம் சுற்றறிக்கையில், தனியான சிறு ரஷ்ய மொழி (உக்ரைனியத்துக்குப் பேரரசு இட்ட பெயர்) என்று ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை எடுத்தாண்டு, சமயநூல்களும் பாடநூல்களும் அந்த மொழியில் வெளிவருவதை நிறுத்தினார். 1876இல் எம்ஸ் நகரில் இரண்டாம் அலெக்சாண்டர் ஒப்பமிட்ட ஆணை, அச்சையும் மேடையையும் இறக்குமதியையும் இன்னும் கடுமையாக முடக்கியது. இல்லாத மொழியை இருமுறை தடைசெய்ய நேர்ந்ததன் நகைச்சுவையை ஸ்னைடரின் வறண்ட கேலி நன்றாகத் தாங்குகிறது. பொல்தாவாப் பகுதியில் பிறந்த கோகல் ரஷ்ய மொழியில் எழுதியதால் ரஷ்ய எழுத்தாளர் என்று மட்டுமே அறியப்பட்டதும், பேரரசு ஒன்றில் திறமை எந்தத் திசையில் நகர்கிறது என்பதற்கு எளிய எடுத்துக்காட்டு.

ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த, லிவிவ் நகரை உள்ளடக்கிய கலீசியாவைப் பற்றிய பன்னிரண்டாவது விரிவுரையில் ஆசிரியரின் ஆழ்ந்த புலமை வெளிப்படுகிறது. கீவில் அச்சிட முடியாததை லிவிவில் அச்சிட முடிந்தது. கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை, நாடாளுமன்றத் தேர்தல், கூட்டுறவுச் சங்கங்கள், வாசகசாலைகள் ஆகியவை உழவரை அரசியலுக்குள் கொண்டுவந்தன. அதே கலீசியாவில் தம்மை ரஷ்யர் என்று கருதிய ஒரு வலுவான பிரிவும் பல பத்தாண்டுகள் இருந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. ஒரே ஊரில், ஒரே திருச்சபையில், ஒரே மொழி பேசியவர்கள் தங்களை ரூத்தேனியர், ரஷ்யர், உக்ரைனியர் என்று மூன்று விதமாக அழைத்துக்கொண்டு வாதாடியிருக்கின்றனர். உக்ரைன் என்ற விடை அந்த வாதத்தில் வென்ற விடை. முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட விடையாக எவருக்கும் அன்று தெரிந்திருக்காது. 1897இன் ரஷ்யப் பேரரசு மக்கள்தொகைக் கணக்கின்படி கீவ் நகரத்தில் உக்ரைனியத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஊர்ப்புறத்தில் இருந்த பெரும்பான்மை நகரத்தில் சிறுபான்மையாக இருந்ததே 1917க்குப் பிந்தைய தோல்விகளுள் பாதியை விளக்கிவிடும்.

உக்ரைனிய வரலாற்றாசிரியர்களின் உள்வழக்கு ஓரத்துக்குப் போய்விட்டது என்று தொடக்கத்தில் சொன்னேன். 1917–1921 காலத்தில் அதை மிகவும் உணர்ந்தேன். 1917இல் கீவில் அமைந்த உக்ரைனிய நாடாளுமன்றமான மத்திய ராதாவுக்குத் தலைமை தாங்கியவர் அதே ஹ்ருஷெவ்ஸ்கி. மக்களே வரலாற்றின் நாயகர் என்று எழுதியவர், படை அமைப்பதைவிட மக்களாட்சிக் கூட்டாட்சியில் அதிக நம்பிக்கை வைத்தார். 1918 ஜனவரியில் முழு விடுதலையை ராதா அறிவித்தபோது போல்ஷெவிக் படை கீவை நெருங்கியிருந்தது. அந்தத் தோல்வியிலிருந்து எதிர்ப்பாடம் கற்றவர் வியாசெஸ்லாவ் லிபின்ஸ்கி. போலந்துக் கத்தோலிக்கப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, விரும்பி உக்ரைனியரானவர்; 1918இல் ஹெட்மன் ஸ்கொரோபாத்ஸ்கி அரசின் தூதராக வியன்னாவில் இருந்தவர். தேசிய இனம் அரசைப் படைப்பதில்லை, அரசுதான் தேசிய இனத்தைப் படைக்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். அந்த நிலத்தில் வாழ்ந்து அதன் அரசுக்கு விசுவாசமாக இருப்பவர் எம்மொழி பேசினாலும், எச்சமயத்தவரானாலும் உக்ரைனியரே என்றார். அதே காலத்தில் த்மித்ரோ தொன்ட்சோவ் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்: விடுதலை பெற வேண்டுமானால் ஈவிரக்கமற்ற மன உறுதியும் தலைமைக்கு அடங்கிய ஒற்றை இனமும் வேண்டும். மக்கள், அரசு, இனத்தின் மன உறுதி என்ற இந்த மூன்று கருத்துகளும் ஒன்றையொன்று ஏற்கவே இல்லை. அவற்றின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றைய உக்ரைனிலும் வாதாடிக்கொண்டிருக்கின்றனர். 2014க்குப் பின் ரஷ்ய மொழி பேசும் படைவீரர்கள் உக்ரைனுக்காகப் போரிட்டதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் லிபின்ஸ்கிதான். இம்மூவரையும் ஒரே விரிவுரையில் எதிரெதிரே நிறுத்தியிருந்தால் பாடம் வேறோர் உயரத்துக்குச் சென்றிருக்கும்.

உக்ரைன் லெனினின் படைப்பு என்ற கூற்றுக்கு வகுப்பு தரும் மறுமொழி வலுவானது. உக்ரைனிய இயக்கம் முன்பே இருந்ததால்தான் போல்ஷெவிக்குகள் அதற்கு ஒரு குடியரசைத் தர வேண்டியதாயிற்று. இல்லாத ஒன்றை அடக்க மூன்றாண்டுப் போர் தேவைப்பட்டிருக்காது. 1923இல் தொடங்கிய உக்ரைனியமயமாக்கம் பள்ளிகளையும் பதிப்பகங்களையும் அரங்குகளையும் திறந்தது. பத்தே ஆண்டுகளில் அது திரும்ப வாங்கப்பட்டது. 1933 மே மாதம் எழுத்தாளர் மிகோலா ஹ்விலொவி தம்மைச் சுட்டுக்கொண்டார். ஜூலையில் அந்தக் கொள்கையை நடத்திய போல்ஷெவிக் தலைவர் மிகோலா ஸ்கிரிப்னிக் அதே முடிவை எடுத்தார். அந்த இரண்டு தற்கொலைகளுக்கும் பின்னணியில் 1932–33இன் பெரும்பஞ்சம் இருந்தது. உக்ரைனில் மட்டும் 35 லட்சம் முதல் 39 லட்சம் பேர் வரை மாண்டதாக மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். பஞ்சத்தையும் அறிவாளர் அழிப்பையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே விரிவுரையில் வைத்தது சரியான ஏற்பாடு. இனப்படுகொலை என்ற சொல்லை உருவாக்கிய ரஃபாயெல் லெம்கின் 1953இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் உக்ரைனின் நேர்வையும் அப்படியே பெயரிட்டார்; உக்ரைன் நாடாளுமன்றம் 2006இல் அதைச் சட்டமாக்கியது. கசகஸ்தானின் கசாக் மக்களும் அதே காலத்தில் பெருந்தொகையாக மாண்டதைச் சுட்டி, இது உழவர் மீதான போரே தவிர இனத்தை நோக்கிய போர் இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அவர்களுடைய வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைத்துவிட்டு மறுத்திருந்தால், ஐயத்தோடு வரும் மாணவருக்கு மனநிறைவு கிடைத்திருக்கும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தைப் பற்றி என் குறை சற்றுப் பெரியது. ஜெர்மானியர் உக்ரைனின் கரிசல் மண்ணுக்காகவே கிழக்கே வந்தனர், அதைக் குடியேற்ற நாடாக்க எண்ணினர் என்ற விளக்கம் ஆழமானது. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாள்களில் கீவின் பாபின் யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதும் அந்தச் சட்டகத்துக்குள் பொருந்துகிறது. ஆனால் 1929இல் வியன்னாவில் தொடங்கப்பட்ட உக்ரைனியத் தேசியவாதிகள் அமைப்பும், அதன் ஒரு பிரிவின் தலைவரான ஸ்தெபான் பந்தேராவும், 1943இல் வொலினியாவில் அந்த அமைப்பின் படை போலந்து மக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றதும், ஒரு முழு விரிவுரையைக் கோருபவை. 2010இல் பந்தேராவுக்கு உக்ரைன் வீரர் பட்டம் தரப்பட்டுப் பின்னர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2015இல் விடுதலைப் போராளிகளின் தகுதி குறித்த சட்டம் வந்தபோது நாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வரலாற்றாசிரியர்களே எதிர்த்தனர். இந்தப் பொருளில் ஸ்னைடரைவிட அதிகம் உழைத்தவர்கள் குறைவு. அவர் விரும்பியிருந்தால் இதை விரிவாக நடத்தியிருக்க முடியும். போர் நடந்துகொண்டிருக்கும் பருவத்தில், மாஸ்கோவின் பரப்புரைக்குத் தீனி போட வேண்டாம் என்ற எண்ணம் எடையைக் கூட்டியதோ குறைத்ததோ, கேட்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

கடைசி ஐந்தாறு விரிவுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செல்வக்குழு ஆட்சி பற்றியது தகவல் செறிந்தது. 2013–14இல் கீவின் மைதான் சதுக்கத்தில் அரசுக்கு எதிராக நடந்த எழுச்சியைப் பற்றி மார்சி ஷோர் ஆற்றிய விருந்தினர் உரை, மனிதர் எந்தக் கணத்தில் தம்மை வேறு விதமாக உணரத் தொடங்கினர் என்பதை நெருங்கிப் பார்க்கிறது. 1991 டிசம்பர் 1ஆம் தேதி வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விடுதலைக்கு வாக்களித்ததும், கிரிமியாவிலும் அது 54 விழுக்காடாக இருந்ததும், முன்னுள்ள ஆயிரம் ஆண்டு வாதங்களைவிடச் சிறிய ஆனால் கனமான சான்று. கிரிமியத் தாத்தார்களை, 1783இல் நிலத்தை இழந்து 1944இல் முழு மக்களாக நாடுகடத்தப்பட்டவர்களை, உக்ரைன் வரலாற்றின் அங்கமாகவே பாடம் நடத்துவது எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் இனத்தின் கதையாக எழுதாமல் ஒரு நிலத்தில் வாழ்ந்த எல்லாரின் கதையாக எழுதும் மரபு கனடாவில் பால் ராபர்ட் மகோச்சி போன்றவர்களால் வளர்க்கப்பட்டது. இந்த வகுப்பும் பெருமளவு அந்தப் பக்கமே சாய்கிறது.

நடைமுறைச் செய்திகள் சில. ஆசிரியர் நிதானமாக, இடையிடையே நின்று பேசுகிறார்; ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் பெயர்கள் மழைபோலக் கொட்டுகின்றன. நிலப்படம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளாமல் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான விரிவுரைகளைக் கேட்பது வீண். நீப்பர், தினியெஸ்தர் ஆகிய இரண்டு ஆறுகளும், கீவ், லிவிவ், கார்கிவ், வில்னியஸ் ஆகிய நான்கு நகரங்களும் கண்ணுக்குத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓடிக்கொண்டே, சமைத்துக்கொண்டே கேட்கலாம் என்று நினைத்தால் இரண்டாவது, இருபதாவது விரிவுரைகளுக்கு மட்டும் அது சரிப்படும். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாசிப்பும் கலந்துரையாடலும் நமக்குக் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; எதிர்க்கேள்வி எழுந்திருக்கக்கூடிய இடம் அதுதான்.

நேரம் குறைவாக உள்ளவர் 2, 6, 9, 12, 15 ஆகிய ஐந்தை இந்த வரிசையிலேயே கேட்கட்டும். புதினின் கட்டுரையை ஏற்கெனவே படித்து, அதில் ஏதோ உண்மை இருக்கத்தான் செய்கிறது என்று எண்ணுபவர் முதல் விரிவுரையை விட்டுவிட்டு ஆறாவதிலிருந்து தொடங்குவது நல்லது. முதலாவது அவரைச் சினங்கொள்ளவைக்கும், ஆறாவது அவரை வியப்பில் ஆழ்த்தும். உக்ரைனின் பக்கம் முன்பே சாய்ந்துவிட்டவர் எட்டாவதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மூன்றாம் முறை கேட்க நான் எடுத்துவைத்திருப்பது பன்னிரண்டாவது. இம்முறை 1904இன் ஹ்ருஷெவ்ஸ்கி கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.